பக்கத்துக் கடைக்காரர் போடும் முதல் பத்து வெள்ளி

(தொலைக்காட்சி அரங்கில் சிறுதொழில் செய்வோர் முன்னிலையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு, 'தொழிலுக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதில் இடத்தின் பங்கு'. தலைப்பைக் கேட்டவுடனே சிலர் உள்ளுக்குள் சிரித்திருப்பீர்கள். இணையத்தில் பணம் திரட்டுகிற காலத்தில் இடத்துக்கு என்ன வேலை? மஸ்ஜித் இந்தியாவில் உட்கார்ந்துகொண்டு கைத்தொலைபேசியைத் தட்டினால் ஆஸ்திரேலியாவில் இருக்கிறவர் பணம் அனுப்பலாம். கடை எந்தத் தெருவில் இருந்தால் என்ன? இப்படித்தான் பலரும் நினைக்கிறார்கள்.

நான் பொருளாதாரம் படித்தவர்கள் வரிசையில் நிற்கிற ஆள் இல்லை. படித்தது தகவல் தொடர்புத் துறையில் ஒரு டிப்ளோமா. செய்வது தொலைக்காட்சி அறிவிப்பு வேலை. ஆனால் தீபாவளி வந்தாலும் நோன்புப் பெருநாள் வந்தாலும் கேமராவோடு கடைத்தெருவுக்குப் போய் நிற்கிற வேலை அது. மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானா என்று எங்கே மைக்கை நீட்டினாலும், சிறு வியாபாரி சொல்லுகிற குறை ஒன்றுதான். கை நிறையத் தொழில் இருக்கிறது, கையில் முதல் இல்லை. பேங்கில் போய்க் கேட்டால் கணக்குப் புத்தகம் கேட்கிறார்கள், அடமானம் கேட்கிறார்கள். ஆலோங்கிடம் போனால் ஒன்றுமே கேட்பதில்லை. பிறகுதான் கேட்கிறார்கள், அதுவும் வீட்டு வாசலில் சிவப்புச் சாயத்தை ஊற்றிவிட்டு.

இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது என்றால் அதை நாம் சரியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். அதைத்தான் கிரவுட் ஃபண்டிங் என்கிறார்கள். நம் பாஷையில் சொன்னால், ஊர் கூடி முதல் போடுவது.

நான்கு வகை

ஊர் கூடி முதல் போடுவதில் நான்கு வகை உண்டு. ஒன்று, நன்கொடை. கொடுத்தவர் எதையும் திரும்ப எதிர்பார்ப்பதில்லை. இரண்டாவது, முன்கூட்டியே விலை கொடுத்து வாங்குவது. பொருள் தயாராகும் முன்பே பணம் கட்டுகிறார்கள், தயாரானதும் பொருள் வீடு தேடி வருகிறது. மூன்றாவது, கடன். நூறு பேர் சேர்ந்து ஒரு கடைக்குக் கடன் கொடுத்து வட்டியோடு திரும்பப் பெறுகிறார்கள். நான்காவது, பங்கு. பணம் போட்டவர்கள் நிறுவனத்தில் சிறு பங்குதாரர் ஆகிறார்கள்.

இதெல்லாம் இணையம் வந்த பிறகு வந்தது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவில் சுதந்திர தேவி சிலை நிற்கிற பீடத்துக்குப் பணம் போதவில்லை. 1885இல் ஜோசப் புலிட்சர் தம் பத்திரிகையில் வேண்டுகோள் விடுத்தார். லட்சத்துக்கும் அதிகமான மக்கள் ஆளுக்குக் கொஞ்சமாக அனுப்பி ஒரு லட்சம் டாலருக்கு மேல் சேர்த்துக் கொடுத்தார்கள். கொடுத்த ஒவ்வொருவர் பெயரையும், எவ்வளவு சிறிய தொகையாக இருந்தாலும், பத்திரிகையில் அச்சிட்டார்கள். யார் கொடுத்தார்கள் என்பது ஊருக்குத் தெரிந்தது. அதைப் பார்த்து அடுத்தவர் கொடுத்தார். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தூத்துக்குடியில் ஒரு கப்பல்

நம்மவர்கள் கதைக்கு வருவோம். 1906ஆம் ஆண்டு அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனி பதிவானது. வ.உ.சிதம்பரம் பிள்ளை நடத்திய அந்தக் கம்பெனியின் மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். இன்றைய மொழியில் சொன்னால் அது பங்கு வகை கிரவுட் ஃபண்டிங்தான்.

தூத்துக்குடி கப்பலுக்குக் கொழும்போடு தினசரி உறவு இருந்த துறைமுகம். அங்கேயிருந்து சரக்கு ஏற்றி அனுப்புகிற வியாபாரிகளுக்கு, பிரிட்டிஷ் இந்தியா கப்பல் கம்பெனியின் ஆதிக்கம் எப்படிப்பட்டது என்பதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. சிதம்பரம் பிள்ளை அதே ஊரில் வழக்கறிஞராக இருந்தவர். வியாபாரிகள் முகம் தெரிந்து பணம் போட்டார்கள். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற வணிகர் ஒருவரே 8,000 பங்குகளை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். பாலவநத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர் கம்பெனிக்குத் தலைவரானார். பக்கத்தில் இருந்தவர்கள் முன்னே வந்து நின்ற பிறகு, சிதம்பரம் பிள்ளை பம்பாய் வரை போய்ப் பணம் திரட்டினார். 1907இல் காலியா, லாவோ என்ற இரண்டு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன.

எதிர்க் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, 1908இல் அவர் சிறைப்பட்டார், 1911இல் கம்பெனி கலைந்தது. அந்தச் சோகம் நமக்குத் தெரியும். இன்றைக்கு நான் பார்ப்பது பணம் எந்த வழியில் வந்தது என்பதைத்தான். தூத்துக்குடியிலிருந்து பம்பாய்க்குப் போனது வரிசை. பம்பாயில் ஆரம்பித்துத் தூத்துக்குடிக்கு வரவில்லை.

ஆராய்ச்சியும் அதையே சொல்கிறது

இது பழைய காலத்து விஷயம், இணையத்தில் அப்படி இருக்காது என்று நீங்கள் சொல்லலாம். இதை மூன்று ஆய்வாளர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அஜய் அகர்வால், கிறிஸ்டியன் கத்தலினி, அவி கோல்ட்ஃபார்ப் என்பது அவர்கள் பெயர். ஹாலந்து நாட்டில் ஆம்ஸ்டர்டாமில் 2006இல் செல்லாபேண்ட் என்று ஓர் இணையத்தளம் தொடங்கினார்கள். இசைக் கலைஞர்கள் அதில் தங்கள் பாட்டைப் போடுவார்கள். பிடித்தவர்கள் பத்து டாலர் பத்து டாலராகப் பணம் போடலாம். 50,000 டாலர் சேர்ந்தால் அந்தக் கலைஞருடைய ஆல்பம் வெளிவரும்.

ஆய்வாளர்கள் அந்தத் தளத்தின் கணக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். பணம் போட்டவருக்கும் கலைஞருக்கும் சராசரி தூரம் ஏறத்தாழ 5,000 கிலோமீட்டர்! கோலாலம்பூரிலிருந்து சென்னை எவ்வளவு தூரமோ, அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அப்படியானால் இடத்துக்கு மதிப்பே இல்லை என்றுதானே முடிவு செய்ய வேண்டும்?

அவர்கள் அங்கே நிறுத்தவில்லை. யார் எப்போது பணம் போட்டார்கள் என்றும் பார்த்தார்கள். 100 கிலோமீட்டருக்குள் இருந்தவர்கள் ஆரம்பத்திலேயே போட்டிருந்தார்கள். மற்றவர்கள் போட்டார்களா, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவர்கள் அதிகம் பார்க்கவில்லை. தூரத்தில் இருந்தவர்களோ, கணிசமான தொகை சேர்ந்த பிறகே பணத்தை எடுத்தார்கள். அதற்கும் மேலே ஒரு படி போனார்கள். பக்கத்தில் இருந்தவர்களில் கலைஞரை முன்பே அறிந்த நண்பர்கள், உறவினர்கள் யார் யார் என்று பிரித்தபோது, பக்கத்துக்கும் தூரத்துக்கும் இருந்த வேறுபாடு அநேகமாக மறைந்துவிட்டது. முன்கூட்டிப் பணம் போட வைத்தது கிலோமீட்டர் கணக்கல்ல, பழக்கம்.

இதை நான் ஒரே வரியில் சொல்வேன். தூரத்துப் பணம் வரும்; ஆனால் அது பக்கத்துப் பணத்தைப் பார்த்துவிட்டுத்தான் வரும். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

தெருவுக்கு ஒரு பெயர்

இடம் செய்கிற இன்னொரு வேலை இருக்கிறது. ஈத்தன் மோலிக் என்ற பேராசிரியர், கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் நிதி திரட்ட முயன்ற 48,500 திட்டங்களை ஆராய்ந்து 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவில் நாஷ்வில் நகரம் இசைக்குப் பெயர் போனது, லாஸ் ஏஞ்சலஸ் திரைப்படத்துக்கு. அந்தந்த ஊரிலிருந்து எழுந்த திட்டங்களிலும் அந்தந்த ஊரின் கைத்திறனே தெரிந்தது என்று அவர் காட்டினார். ஒரு ஊரில் ஒரு தொழில் வேரூன்றியிருந்தால், அங்கே அதை நன்றாகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், குறை நிறை சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள், அது தேறுமா தேறாதா என்று கண்ணால் பார்த்தே சொல்லுகிற வாடிக்கையாளர்களும் இருக்கிறார்கள்.

நம் மஸ்ஜித் இந்தியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1863இல் இந்திய முஸ்லிம் வணிகர்கள் எழுப்பிய பள்ளிவாசலால் வந்த பெயர் அது. இன்று அந்தத் தெருவின் பெயரைச் சொன்னால் துணியும் சேலையும் தூடோங்கும் நகையும் ஞாபகம் வருகிறது. 1957இல் கோத்தா பாருவில் ஆரம்பித்த மைடின் நிறுவனமும், 1989இல் தலைநகரில் கடை போட்டபோது இந்தத் தெருவுக்குத்தான் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் என்றால் சாப்பாடும் பூமாலையும். கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தீபாவளிக்கு முதல் வாரம் நடக்க முடியுமா?

இந்தப் பெயரை நாம் வாடகையாகக் கொடுத்து வாங்கியிருக்கிறோம். மாதாமாதம் கட்டுகிற வாடகையில் பாதி சுவருக்கும் கூரைக்கும், மீதிப் பாதி தெருவின் பெயருக்கு என்றே சொல்லலாம். அப்படியிருக்க, இணையத்தில் நிதி கேட்கும்போது அந்தப் பெயரை ஏன் மறைக்கிறோம்? 'தென்கிழக்காசியாவின் முன்னணி ஆடை நிறுவனம்' என்று எழுதுகிறார்கள். படிக்கிறவருக்கு அது காற்று. 'மஸ்ஜித் இந்தியாவில் இத்தனை வருடமாகத் துணி வெட்டித் தைத்துக் கொடுக்கிற கடை' என்று எழுதிப் பாருங்கள். படிக்கிறவர் அந்தத் தெருவில் நடந்தவராக இருந்தால் அவருக்குக் கடை கண்ணில் தெரியும்.

சட்டத்துக்கும் ஓர் எல்லை உண்டு

இணையத்துக்கு எல்லை இல்லை என்கிறோம். ஆனால் பணத்துக்கு இருக்கிறது. கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் யார் வேண்டுமானாலும் பணம் கொடுக்கலாம். பணம் கேட்கிறவர் மட்டும் அது அனுமதித்த நாடுகளில் ஒன்றில் இருக்க வேண்டும். 2016இல் சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. மலேசியா சேரவில்லை. ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கிடைப்பது இந்தப் பக்கம் இருப்பவருக்குக் கிடைப்பதில்லை.

அதே சமயம் நம் நாடு வேறொரு விஷயத்தில் முந்திக்கொண்டது. பங்கு வகை கிரவுட் ஃபண்டிங்குக்கு ஆசியான் நாடுகளில் முதலில் விதி வகுத்தது மலேசியாதான். பங்குப் பத்திர ஆணையம், அதாவது நாம் செக்குரித்தி ஆணையம் என்று சொல்லுவது, 2015இல் அந்த விதிகளைக் கொண்டுவந்து பிட்ச்இன், அத்தா பிளஸ் உள்ளிட்ட ஆறு தளங்களுக்கு அனுமதி கொடுத்தது. மறு ஆண்டு, 2016இல், கடன் வகைக்கும் விதி வந்தது.

இங்கே நம் கடைக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. எஸ்.எஸ்.எம். அலுவலகத்தில் தனி வணிகமாக மட்டும் பதிந்திருக்கிற கடை, பங்கு விற்க முடியாது. அதற்குச் செண்டிரியான் பெர்ஹாட் மாதிரியான அமைப்பு வேண்டும். ஆனால் கடன் வகைத் தளத்தில் தனி வணிகமும் விண்ணப்பிக்கலாம். எந்தக் கதவு நமக்குத் திறக்கும் என்று தெரியாமல் மூடின கதவைத் தட்டிக்கொண்டு நிற்பவர்கள் நம்மில் அதிகம்.

2015ஆம் ஆண்டு விதிகளின்படி சாதாரண முதலீட்டாளர் ஒருவர் ஒரு நிறுவனத்தில் 5,000 ரிங்கிட்டுக்கு மேல் போட முடியாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒருவருக்கு மூன்று லட்சம் ரிங்கிட் வேண்டும், சாதாரண மக்களை மட்டுமே நம்பியிருக்கிறார் என்றால், எல்லோரும் முழுத் தொகையைப் போட்டாலும் 60 பேர் வேண்டும். ஆயிரம் ஆயிரமாகப் போட்டால் 300 பேர். அந்த 300 பேரில் முதல் முப்பது பேர் யார்? அதற்குப் பதில் தெரியாதவர் தளத்தில் பதிந்து பயனில்லை. குறி வைத்த தொகை சேரவில்லை என்றால் பங்கு வகையில் பணம் போட்டவர்களுக்கே திரும்பிப் போய்விடும்.

இந்த வழியில் முதல் திரட்டிய நிறுவனங்களில் பெரும்பாலானவை கோலாலம்பூர், சிலாங்கூர் நிறுவனங்கள். தளங்களின் அலுவலகம் இங்கே, கணக்காய்வாளர் இங்கே, வழக்கறிஞர் இங்கே, முதலீட்டாளர் சந்திப்பு நடக்கிற ஹோட்டலும் இங்கே. அரசாங்கமும் 2019இல் 50 மில்லியன் ரிங்கிட்டோடு ஒரு கூட்டு முதலீட்டு நிதியைத் தொடங்கியது. மக்கள் நான்கு ரிங்கிட் போட்டால் அந்த நிதி ஒரு ரிங்கிட் போடும் என்று ஆரம்பித்தார்கள். கவனியுங்கள், அரசாங்கப் பணமும் மக்கள் பணத்துக்குப் பின்னால்தான் வருகிறது.

அப்படியானால் லூனாஸில் இருப்பவர் என்ன செய்வார்?

கெடாவிலும் பேராக்கிலும் சிறு ஊர்களில் இருக்கிற நேயர்கள் இப்போது கேட்பீர்கள்: கோலாலம்பூரில் கடை இல்லாதவன் கதி என்ன?

அதற்குப் பதில் நம் சரித்திரத்திலேயே இருக்கிறது. 1950களின் கடைசியில் வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கியவர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டார்கள். வேலையும் போய், குடியிருந்த லயத்து வீடும் போய் நம் மக்கள் நடுத்தெருவில் நின்றார்கள். அப்போது துன் வீ.தி.சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளர்களிடமே பத்து வெள்ளி பத்து வெள்ளியாகக் கேட்டார். அன்றைய நிலையில் பத்து வெள்ளி என்பது பல நாள் கூலி. மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தைச் சங்கம் வாங்கியது.

அந்தத் தொழிலாளர்கள் நகரத்தில் இல்லை. பேங்க் கணக்கு இல்லை, தொலைபேசி இல்லை. ஆனால் எல்லோரும் ஒரே லயத்தில், ஒரே பிரட்டுக்களத்தில், ஒரே கோயிலடியில் இருந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பணம் கட்டினாரா என்று எல்லோருக்கும் தெரியும். இன்றைக்குத் தளத்தில் 'இவ்வளவு தொகை சேர்ந்துள்ளது' என்று ஒரு கோடு நீண்டுகொண்டே போகிறதே, அந்தக் கோட்டை அன்று பிரட்டுக்களத்தில் ஆட்களே போட்டார்கள்.

ஆகவே உங்களுக்குத் தேவையான இடம் கோலாலம்பூர் அல்ல. உங்களை அறிந்தவர்கள் கூடுகிற இடம் எதுவோ அதுதான் உங்கள் இடம். லூனாஸில் முறுக்கு சுட்டு விற்கிறவருக்கு அது லூனாஸ் சந்தை. கிள்ளானில் பூ கட்டுகிறவருக்கு அது அந்தக் கோயில் வாசல்.

நம்பிக்கைக்கும் கணக்கு வேண்டும்

இதுவரை நான் பக்கத்து மனிதர்களின் பெருமையைச் சொன்னேன். அதன் ஆபத்தையும் சொல்லாமல் போனால் இந்த உரை அரைகுறையாகிவிடும்.

பழக்கத்தை மட்டும் நம்பிப் பணம் போடுவது நமக்குப் புதிதல்ல. சீட்டு, கூட்டு என்று சொல்லுகிறோம். மலாய்க்காரர்களும் 'மாயின் கூத்து' என்கிறார்கள். 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல் ஏறியிருக்கிறது. அது கூட்டு நிதித் தடைச் சட்டம். கூட்டு, சீட்டு, சீனர்களின் ஹுவே எல்லாம் அந்தச் சட்டத்தின் விளக்கத்தில் வருகின்றன. அதைத் தொழிலாக நடத்தினால் 5 லட்சம் ரிங்கிட் வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஏன் இவ்வளவு கடுமை? கூட்டு பிடித்த அக்கா ஒருநாள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டால், கேட்பதற்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ஏமாந்தவர் யார் மேல் கோபப்படுவார்? அறிமுகப்படுத்தி வைத்த பக்கத்து வீட்டுக்காரர் மேல். பணத்தோடு உறவும் போகும்.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1982இல் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கியது. இந்தியச் சமுதாயத்தைப் பெருந்தொழிலில் நிறுத்துவோம் என்று சொல்லித் திரட்டிய தொகை 106 மில்லியன் ரிங்கிட். பங்குதாரர்கள் ஏறத்தாழ 66,000 பேர். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்கள் உண்டு. அதற்கும் 28 ஆண்டுகள் கழித்து, 2010இல், ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென் விலை கொடுத்து வாங்க ஒரு நிறுவனம் முன்வந்தபோது, பணம் கைக்கு வந்தால் போதும் என்ற நிலைக்குப் பலர் வந்திருந்தார்கள். யார் மேல் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நான் இங்கே வரவில்லை. ஆனால் அந்த அனுபவம் நம் வீடுகளில் இன்னும் பேசுகிறது. இன்று ஓர் இளைஞர் நல்ல தொழில் திட்டத்தோடு வந்து 'பங்கு போடுங்கள்' என்றால், அப்பா அம்மா முகம் மாறுகிறதே, அதற்குக் காரணம் அந்த இளைஞர் இல்லை.

சமுதாயம் என்ற பெரிய பெயரில் பணம் கேட்கும்போது அது பக்கத்துப் பணம் போலத் தோன்றும். ஆனால் கெடாவில் பங்கு வாங்கிய தொழிலாளி, தலைநகரத்து அலுவலகத்தில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியுமா? ஒரே இனம், ஒரே மொழி என்பதால் தூரம் குறைந்துவிடாது. கணக்கு வந்து சேர்ந்தால்தான் தூரம் குறையும்.

இடமும் சரியும்

2024 ஆகஸ்ட் 23ஆம் தேதி மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கி, நம் நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்த இந்தியப் பெண்மணி ஒருவர் குழிக்குள் விழுந்தார். ஒன்பது நாள் தேடியும் அவர் கிடைக்கவில்லை. ஐந்து நாளில் பக்கத்திலேயே இன்னொரு குழி. அந்தக் குடும்பத்தின் துயரத்துக்கு முன்னால் வியாபாரம் பெரிதல்ல. ஆனாலும் அந்த வாரங்களில் கடைக்காரர்கள் பட்ட பாட்டையும் மறக்க முடியாது. தடுப்பு போட்ட தெருவுக்கு யார் வருவார்கள்?

அப்போது ஒரு விஷயம் வெளிச்சமானது. வாடிக்கையாளரின் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்திருந்த கடையால் 'அக்கா, கடை திறந்திருக்கிறது, வேண்டியதைச் சொல்லுங்கள், வீட்டுக்கு அனுப்புகிறோம்' என்று சொல்ல முடிந்தது. தெருவில் போகிறவர்களை மட்டும் நம்பியிருந்த கடை, தெரு வெறிச்சோடியதும் தானும் வெறிச்சோடியது. இடம் கொடுத்த பழக்கத்தை ஏட்டில் ஏற்றி வைத்தவருக்கு இடம் சரிந்தாலும் ஆள் இருந்தார்கள்.

செய்ய வேண்டியவை

நிதி திரட்ட நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்.

முதலில், ஒரு நோட்டுப் புத்தகத்தில் முப்பது பேர் பெயரை எழுதுங்கள். உங்களிடம் தொடர்ந்து வாங்குகிறவர், உங்களுக்குச் சரக்குக் கடன் கொடுக்கிற மொத்த வியாபாரி, பக்கத்துக் கடைக்காரர், பழைய முதலாளி. தளத்தில் ஏறுவதற்கு முன்பே இவர்களைப் போய்ப் பாருங்கள். இந்த முப்பது பேரில் பத்துப் பேர்கூடத் தலையாட்டவில்லை என்றால், திட்டத்தைத்தான் திருத்த வேண்டும், விளம்பரத்தை அல்ல.

இரண்டாவது, அனுமதி பெற்ற தளமா என்று பங்குப் பத்திர ஆணையத்தின் இணையப் பக்கத்தில் பெயரைத் தேடிப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வருகிற 'மாதம் பத்து விழுக்காடு லாபம்' கிரவுட் ஃபண்டிங் அல்ல, கண்ணி.

மூன்றாவது, கடை முகவரியை, தெருவை, ஊரை வெளிப்படையாகப் போடுங்கள். படம் எடுத்தால் கடைக்குள்ளேயே நின்று எடுங்கள். வாடிக்கையாளர் ஒருவர் பேசட்டும்.

நான்காவது, இன்றைக்கே கணக்கெழுத ஆரம்பியுங்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பணம் போடுவார். தூரத்தில் இருப்பவருக்கு உங்கள் கணக்குப் புத்தகம்தான் முகம்.

ஐந்தாவது, பணம் வந்த பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் போட்டவர்களுக்குக் கடிதம் எழுதுங்கள். வியாபாரம் படுத்தாலும் எழுதுங்கள். படுத்த செய்தியை முதலில் உங்களிடமிருந்து கேட்டவர், அடுத்த முறையும் உங்கள் பேச்சைக் கேட்பார்.

பணம் போட நினைக்கிற நேயர்களுக்கும் ஒரு வார்த்தை. பங்கு வகையில் பணம் போட்ட பிறகு ஆறு வேலை நாளுக்குள் மனம் மாறினால் திரும்பப் பெறலாம் என்று விதி வகுத்திருக்கிறார்கள். ஆனால் தொழில் நொடித்தால் பணம் திரும்பாது. தெரிந்தவர் என்பதற்காக வீட்டு வாடகைக் காசைப் போடாதீர்கள். போனாலும் தாங்குவோம் என்கிற அளவுக்குப் போடுங்கள். தெரிந்தவரிடமும் கணக்குக் கேளுங்கள். கணக்குக் கேட்பது சந்தேகம் அல்ல, மரியாதை.

ஊர் கூடித் தேர் இழு என்றார்கள் பெரியவர்கள். தேர் நகரும்போது எட்டூரிலிருந்தும் வந்து வடத்தைப் பிடிப்பார்கள். நிற்கிற தேரை முதலில் அசைக்க வேண்டியவர்கள் உள்ளூர்க்காரர்கள். நம் கடைத்தெருக்களில் தொழில் தெரிந்த இளைஞர்கள், பெண்கள் எத்தனையோ பேர் முதல் இல்லாமல் நிற்கிறார்கள். அவர்களில் ஒருவர் உங்கள் பக்கத்துக் கடையில் இருக்கலாம். நாளைக்குக் கடை திறந்ததும் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: 'தம்பி, கணக்கு எழுதுகிறாயா? கொண்டு வா, பார்ப்போம்.'